பழைய மகாபலிபுரம் சாலை ஓ.எம்.ஆர். ஆன கதை: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தரமணிக்காரர்

இப்போது சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் போனால் மெட்ரோ தூண்கள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. மாதவரத்தில் கிளம்பி சிறுசேரி சிப்காட் தொழிற்பூங்கா வரை வரப்போகும் பாதை. ரயில் ஓட ஆரம்பித்துவிட்டால் இந்தச் சாலை இன்னொரு தடவை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். முதல் தடவை மாறியதை நேரில் பார்த்தவர்கள் அதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. எந்த ஊர், எந்தக் காலம் என்று சொல்லி எழுதுங்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் யு.பி.எஸ்., ஜெனரேட்டர் சர்வீஸ் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அப்போது சாலை ஆரம்பிக்கும் மத்திய கைலாஷைத் தாண்டினால் ஐ.ஐ.டி. பக்கத்து மரங்கள், தரமணியில் பாலிடெக்னிக், சில ஆராய்ச்சி நிறுவனங்கள், அதற்கப்புறம் பெருங்குடி தொழிற்பேட்டை. அவ்வளவுதான். சாலை இரண்டு வழி. எதிரே லாரி வந்தால் சைக்கிள்காரர் மண்ணில் இறங்கிவிடுவார்.

1997-ல் தமிழக அரசு ஐ.டி.க்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து தரமணியில் ஐ.டி. கம்பெனிகளுக்காக டைடல் பார்க் கட்டின. கருணாநிதி முதல்வராக இருந்த நேரம். 2000 ஜூலை 4-ஆம் தேதி பிரதமர் வாஜ்பாய் வந்து திறந்து வைத்தார். 12.8 லட்சம் சதுர அடி. இத்தனை பெரிய கட்டடத்தை நிரப்ப ஆள் எங்கிருந்து வரும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

ஆள் வந்ததற்குக் காரணம் கட்டடத்தின் அழகு இல்லை. என் தொழிலில் இருந்து பார்த்தவன் என்பதால் அடித்துச் சொல்வேன், காரணம் கரண்ட். ஒரு கம்பெனி தானே இடம் பிடித்து, பட்டா பார்த்து, கட்டடம் எழுப்பி, மின் இணைப்புக்கு அலைந்து, டெலிபோன் லைன் வாங்கி முடிப்பதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். வெளிநாட்டு வாடிக்கையாளர் அதுவரை காத்திருப்பாரா? இங்கே எல்லாம் தயாராக இருந்தது. மேஜையைப் போட்டு வேலையைத் தொடங்கலாம். நாங்கள் பாட்டரி ரூமில் நின்று மெயின் சப்ளையை நிறுத்திப் பார்ப்போம். மேலே ஒரு கம்ப்யூட்டர்கூட அணையக்கூடாது. அந்தச் சோதனை முடியும்வரை எங்கள் சூப்பர்வைசர் யாருடனும் பேசமாட்டார்.

அப்புறம் வேலை தெற்கே நகர்ந்துகொண்டே போனது. கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி. ஏன் இப்படி ஒரே கோடாக வளர்ந்தது என்று கேட்பவர்கள் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கிழக்கே பக்கிங்காம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், நடுவில் ஒரு பட்டை. அகலமாக வளர வழியே கிடையாது. மொத்தப் பாரமும் ஒரே சாலைமேல் விழுந்தது அதனால்தான். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை 20 கிலோமீட்டரை ஆறுவழியாக்கி 2008-ல் சுங்கம் வசூலிக்க ஆரம்பித்தார்கள். ராஜீவ் காந்தி சாலை என்று பெயரும் வைத்தார்கள். ஆனால் ஷேர் ஆட்டோவில் ஏறி அந்தப் பெயரைச் சொல்பவரை நான் பார்த்ததில்லை.

கடைசியாக சிறுசேரி. டி.சி.எஸ். வளாகத்தை உருகுவே நாட்டுக் கட்டடக் கலைஞர் கார்லோஸ் ஓட் வடிவமைத்தார். வேலை நடக்கும்போது அந்தப் பக்கம் போனால் சுற்றிலும் வெட்டவெளி, நடுவில் இறக்கை விரித்த மாதிரி கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. சாலையோரம் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

காரப்பாக்கத்துப் பையன்

அண்ணன் கட்டடத்துப் பக்கமிருந்து எழுதிவிட்டார். நான் ஊர்ப் பக்கமிருந்து எழுதுகிறேன்.

எங்களுக்கு இது பிறந்த ஊர். தாத்தா காலத்தில் கால்வாயில் படகு ஓடியது. உப்பும் சவுக்குக் கட்டையும் சென்னைக்குப் போகும். அப்பா காலத்தில் நெல் கொஞ்சம், சவுக்கு கொஞ்சம், இரண்டு எருமை. ஐ.டி. கம்பெனிகள்தான் இங்கே முதலில் வந்தன என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, காலேஜ்கள்தான் முதலில் வந்தன. எண்பதுகளின் நடுவிலேயே படூரில் இந்துஸ்தான் வந்துவிட்டது. அப்புறம் சத்யபாமா, செயின்ட் ஜோசப், களவாக்கத்தில் எஸ்.எஸ்.என். என்று வரிசையாக வந்தன. நிலம் மலிவு, ஏக்கர் கணக்கில் ஒரே இடத்தில் கிடைக்கும். அந்த மாணவர்களுக்காகத்தான் ஊரில் முதல் ஜெராக்ஸ் கடையும் முதல் மெஸ்ஸும் திறந்தார்கள். கம்பெனிகள் வந்தபோது ஆள் எடுக்கக் கல்லூரி பக்கத்திலேயே இருந்தது.

பிறகு புரோக்கர்கள் வந்தார்கள். வெள்ளை சுமோவில் வந்து திண்ணையில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, சென்ட் என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்பார்கள். பெரியப்பா முதலிலேயே கொடுத்துவிட்டார். சில வருஷம் கழித்து அதே நிலம் பல மடங்கு விலைக்குக் கைமாறியது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். எங்கள் அப்பா சாலையோரத் துண்டை மட்டும் விடவில்லை. அதில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டோம். ஆந்திரா, ஒடிசா, மதுரை, தூத்துக்குடி என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து தங்கினார்கள். அந்த வாடகையில்தான் நானும் தங்கையும் படித்தோம். அதனால் ஐ.டி. வந்து ஊர் கெட்டுப்போயிற்று என்று என் வாயால் சொல்லமாட்டேன்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. எங்கள் வீட்டுக் கிணற்றில் கையால் கயிறு போட்டு இறைத்த தண்ணீரில்தான் சோறு பொங்கினோம். பக்கத்தில் கட்டடங்கள் எழும்ப எழும்ப ஆளாளுக்கு ஆழமாக போர்வெல் போட்டார்கள். முதலில் பருப்பு வேகவில்லை என்று அம்மா சொன்னார். அப்புறம் வாயில் வைத்தாலே உப்புக் கரித்தது. 2011-ல் எங்கள் பஞ்சாயத்தைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். வரி உடனே ஏறிவிட்டது. குழாய்த் தண்ணீரைக் கண்ணில் பார்க்க எத்தனை வருஷம் ஆனது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் கம்பெனிகளே ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லின. அது செய்தியில் வந்தது. எங்கள் தெருவில் பெண்கள் விடியற்காலையில் குடத்தோடு லாரிக்கு நின்றது எந்தச் செய்தியிலும் வரவில்லை.

நைட் ஷிப்ட்

விருதுநகர் பக்கம் ஒரு கிராமம். 2006-ல் கேம்பஸில் தேர்வாகி வந்தேன். துரைப்பாக்கத்தில் ஹாஸ்டல், ஒரு அறையில் நான்கு பேர். சாலை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். அறைக்குள் எதைத் தொட்டாலும் செம்மண் தூசி. ராத்திரி ஷிப்ட் முடிந்து கேபில் வரும்போது கடைசியாக இறங்குவது பெண் என்றால் கூடவே செக்யூரிட்டி ஒருவர் வருவார். அந்தக் கேப் டிரைவர் அண்ணன்களை நான் மறக்கமாட்டேன். ஹாஸ்டல் கேட் திறந்து நான் உள்ளே போகும்வரை வண்டியின் ஹெட்லைட்டை அணைக்கமாட்டார்கள்.

ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன். வேலையில் சேர்ந்த வருஷமே அப்பா என்னைப் பார்க்க வந்தார். வேட்டி சட்டை, கையில் மஞ்சப்பை, அதில் சீவலும் காராச்சேவும். ஆபீஸைப் பார்க்க வேண்டும் என்றார். பாஸ் இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தால் விடுவார்களா என்று கேட்கவும் அன்று எனக்குத் தைரியம் இல்லாத வயசு. ரோட்டுக்கு எதிர்ப் பக்கம் கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இதுல நீ எத்தனாவது மாடிம்மா?" என்று கேட்டார். விரலால் காட்டினேன். கீழிருந்து ஒவ்வொரு மாடியாக எண்ணினார். திரும்பவும் ஒருமுறை எண்ணினார். "சரி, நீ போ, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். நான் மேலே போய் ஜன்னலில் பார்த்தபோதும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

எங்கள் வீட்டுக் கடன் அடைந்தது, தம்பி படித்தது, அம்மாவுக்கு ஆபரேஷன் செய்தது எல்லாமே இந்தச் சாலையில் சம்பாதித்த பணம். தென் மாவட்டத்தில் இதே கதை எத்தனை வீட்டில் இருக்கும்! எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளை எஞ்சினியரிங் சேர்க்க ஆரம்பித்தது எனக்கும் எனக்கு முன்னால் வந்த அக்காவுக்கும் அப்புறம்தான்.

கண்ணகி நகர்ப் பெண்

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். எங்களையும் சேர்த்தால்தான் இந்தக் கதை முழுசாகும்.

டைடல் பார்க் திறந்த அதே 2000-த்தில்தான் கண்ணகி நகருக்கும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் சாலையோரத்திலும் இருந்த குடிசைகளை எடுத்துவிட்டு எங்களைத் துரைப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். குடிசை மாற்று வாரியம் 15,000-க்கும் மேல் வீடுகள் கட்டியது. ஒரு அறை, அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. அம்மா அதற்கு முன்னால் மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். இங்கிருந்து பஸ் பிடித்துப் போனால் சம்பளத்தில் பாதி டிக்கெட்டுக்கே போய்விடும். அதனால் நின்றுவிட்டார்.

அப்புறம் பெருங்குடியில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைத்தது. காலையில் முதல் ஆள் வருவதற்குள் எல்லா மேஜையையும் துடைத்து முடிக்க வேண்டும். கீபோர்டுக்கு நடுவில் இருக்கும் தூசியை எடுக்கப் பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றைப் பையில் வைத்திருப்பார். மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது இல்லை, அவரே கண்டுபிடித்தது. அந்தச் சாலையில் செக்யூரிட்டி, கேன்டீன், தோட்டவேலை, கேப் டிரைவர் என்று எங்கள் ஊர் ஆட்கள் இல்லாத கட்டடம் இருக்காது. செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டவர்களும் அப்படித்தான்.

நான் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடியபோது ஒரு இடத்தில் இன்டர்வியூ நன்றாகப் போனது. கடைசியில் முகவரியைப் படித்துவிட்டு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. என்கூடப் படித்தவர்கள் பலர் "துரைப்பாக்கம்" என்று மட்டும் எழுதுவார்கள். நான் மாற்றி எழுதவில்லை. அடுத்த இடத்தில் எடுத்தார்கள். இப்போது கந்தன்சாவடியில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன்.

2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றதே, அதில் ஆடிய கார்த்திகா எங்கள் கண்ணகி நகர்ப் பிள்ளை. அன்றைக்கு டி.வி.யில் எங்கள் ஊர்ப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதுவரை ஊர்ப் பெயர் டி.வி.யில் வந்தாலே போலீஸ் செய்தியாகத்தான் இருக்கும்.

தரமணிக்காரர்

தங்கச்சி, எழுதியதற்கு நன்றி. பாட்டரி ரூமுக்கு நாங்கள் விடியற்காலையில் போகும்போது உங்கள் அம்மா மாதிரி எத்தனையோ பேர் மேலே வேலையில் இருப்பார்கள். எங்களுக்கும் சேர்த்து ஃபிளாஸ்க்கில் டீ வைத்திருப்பார்கள்.

மடுவுக்கரை

நான் சிவில் எஞ்சினியர், பெரும்பாக்கத்தில் குடியிருக்கிறேன். தண்ணீர் இல்லாத கதை வந்துவிட்டது. தண்ணீர் வந்த கதையை நான் சொல்கிறேன்.

தென் சென்னையின் ஏரிகள் ஒன்று நிரம்பி இன்னொன்றுக்கு வழிந்து கடைசியில் பள்ளிக்கரணைக்கு வந்து சேரும். சதுப்பு நிலம் அதைத் தாங்கி வைத்துக்கொள்ளும். மிச்சம் ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாக இந்தச் சாலைக்கு அடியில் புகுந்து பக்கிங்காம் கால்வாயில் விழும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரம், கடல். அதாவது மேற்கிலிருந்து கிழக்கே போக வேண்டிய தண்ணீருக்குக் குறுக்கே, வடக்கு தெற்காக ஒரு சாலை போட்டு, அதன் இரண்டு பக்கமும் மண் கொட்டி உயர்த்திக் கட்டடம் கட்டியிருக்கிறோம். சதுப்பின் ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு வேறு. மிச்சமிருக்கும் சதுப்பில் 1,247 ஹெக்டேருக்கு 2022-ல் ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. அது வந்தபோது வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினேன், அத்தனை சந்தோஷம்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி துரைப்பாக்கத்தில் ஆபீஸில் மாட்டிக்கொண்டேன். போன் இல்லை, கரண்ட் இல்லை. பேஸ்மென்டில் தண்ணீர் ஏறி ஜெனரேட்டர் நின்றுவிட்டது. தரமணி அண்ணன் சொன்ன அந்த அணையாத கரண்ட், ஜெனரேட்டரைத் தரைக்குக் கீழே வைத்ததால் போயிற்று. கேன்டீன்காரர்கள் இருந்த அரிசியைப் போட்டுக் கஞ்சி காய்ச்சி மேனேஜர், வாட்ச்மேன் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஊற்றினார்கள். மறுநாள் இடுப்பளவு தண்ணீரில் கயிறு பிடித்துக்கொண்டு நடந்தோம். சென்டர் மீடியனில் இருந்த செடிகளின் நுனிதான் எங்களுக்கு வழிகாட்டி. அது தெரிகிற வரைக்கும் காலுக்கு அடியில் சாலை இருக்கிறது என்று அர்த்தம்.

2023 மிக்ஜாம் புயலில் மறுபடியும் அதே. இந்த முறை வீட்டில். தண்ணீர் வடிய நாள் கணக்கில் ஆனது. மழை எல்லா ஊரிலும்தான் பெய்கிறது. இங்கே அது வெளியேறும் வாயை நாம் குறுக்கிவிட்டோம். மடுவையும் கால்வாயையும் அகலப்படுத்தி, ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் தூர் வாரி வைத்தாலே பாதிக் கஷ்டம் குறையும். இதை நான் கவுன்சிலர் முதல் அதிகாரிகள் வரை மனுவாக எழுதிக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன். எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.

21எச் கண்டக்டர்

ரிட்டயர் ஆகிவிட்டேன். பிராட்வேயிலிருந்து கேளம்பாக்கம் வரை 21எச்-சில் பல வருஷம் டிக்கெட் கிழித்தவன். 19பி-யிலும் போயிருக்கிறேன்.

ஐ.டி. வருவதற்கு முன்னால் கூடை, மூட்டை, காலேஜ் பையன்கள். கந்தன்சாவடிப் பக்கம் ஒரு ஸ்டாப்புக்கு எஸ்.ஆர்.பி. டூல்ஸ் என்று பெயர். பழைய தொழிற்சாலையின் பெயர். இன்றைக்கும் அந்த ஸ்டாப்பில் இறங்கும் பிள்ளைகள் அது ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனி என்று நினைக்கிறார்கள். ஐ.டி. வந்த பிறகு கழுத்தில் அட்டை தொங்கும் கூட்டம். படியில் தொங்கும்போது அந்தக் கயிறு கம்பியில் மாட்டிக்கொள்ளும். "தம்பி, அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போடு" என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

பஸ் போதவில்லை என்பதுதான் உண்மை. அதனால்தான் ஷேர் ஆட்டோவும் கம்பெனி வேனும் பெருகின. தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயில் 2004-லேயே திருவான்மியூருக்கு வந்துவிட்டது. டைடல் பார்க் ஆட்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அங்கிருந்து தெற்கே போகாமல் வேளச்சேரிக்குத் திரும்பிவிட்டது. அன்றைக்கே சோழிங்கநல்லூர் வரைக்கும் ஒரு கிளை போட்டிருந்தால் இத்தனை பைக்கும் காரும் ரோட்டுக்கு வந்திருக்காது. என் அபிப்பிராயம் இது. ரோட்டை ஆறு வழியாக்கினார்கள், பஸ்ஸுக்கு அதில் ஒரு வழியும் தனியாக ஒதுக்கவில்லை.

நாவலூர் அம்மா

கண்டக்டர் ஐயா சொல்வதோடு எங்கள் பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செம்மஞ்சேரியோடு மாநகராட்சி எல்லை முடிந்துவிடுகிறது. நாவலூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம், மாநகராட்சிக்கு வெளியே. இருபது மாடிக் கட்டடத்தில் இருக்கிறோம், கழிவுநீர் லாரியில்தான் போகிறது. மெட்ரோ வேலைக்காக 2021-ல் மற்ற டோல்களை நிறுத்தியபோதுகூட நாவலூர் டோல் மட்டும் இருந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவதற்கும் காசு கட்டினோம். 2023 அக்டோபரில்தான் அதற்கும் விடிவு வந்தது.

மடுவுக்கரை சார், நான் கையெழுத்துப் போடுகிறேன். எங்கள் குடியிருப்பில் இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களிடமும் கேட்கிறேன். தாழம்பூர்ப் பக்கத்து ஏரி வாய்க்காலையும் மனுவில் சேர்க்க முடியுமா?

கேளம்பாக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் உப்பளத்தைப் பற்றி எழுதுங்களேன். நாங்கள் குடிவந்த புதிதில் கோவளம் ரோட்டில் வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருப்பார்கள். அதில் வேலை செய்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.